கருவறையும் பத்துக்குப் பத்து அறையும்

‘‘உள்ளே வாங்க சார்... நட்டநடுவுல நில்லுங்க. வாயை மூடிக்கிட்டு, அடித்தொண்டையில ‘ம்ம்ம்...’னு சொல்லுங்க!’’

புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலில், அறிவர் கோயில் கருவறைக்குள் எங்களுக்கு இப்படி உத்தரவு போட்டவர், அங்கே சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த பெரியவர். கூட வந்த நண்பருக்குக் கொஞ்சம் கூச்சம். ஐம்பது வயதைத் தாண்டியவரைப் போய் ‘ம்ம்ம்’ என்று முனகச் சொன்னால்? இருந்தாலும் முனகினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ‘‘இன்னும் இறக்குங்க’’ என்றார் பெரியவர். நண்பர் குரலை மெள்ள இறக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடம் வந்ததும்... திடீரென்று சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து அவரோடு முனக ஆரம்பித்துவிட்டன! காதில் கேட்டது பாதிதான். மீதி நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

நண்பர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அறை மூடவில்லை. தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் அடங்கியது.

சிலிர்த்துப்போய் வெளியே வந்தேன். நண்பர் முகத்திலோ ஒரு திகைப்பு. ‘‘சார், இதே சத்தம் என் ரூம்லயும் வருது. அதை ஒழிக்கத்தான் நாற்பதாயிரம் ரூபாய் செலவு பண்ணேன்!’’ என்றார்.

அவர் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சென்னையில் அபார்ட்மென்ட் வாசி. பாட்டுப் பைத்தியம். மகள் கல்யாணமாகிப் போனதும், அவளுடைய பத்துக்குப் பத்து அறையைப் பாட்டு கேட்கிற அறையாக மாற்றினார். நல்ல ஆம்ப்ளிஃபயர், நல்ல ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. முதல் நாள் வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம். மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற ‘தொம்’ போகவே மாட்டேன் என்கிறது! பானைக்குள் தட்டியதுபோல அது நீண்டு, வீணையை மூழ்கடிக்கிறது. யாரோ ஒரு கடைக்காரர் வந்து பார்த்தார். நான்கு சுவரிலும் ஒரு அங்குலக் கறுப்பு ஃபோமை ஒட்டிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு போனார். பிறகு?

‘‘பாட்டு செத்துப்போச்சு சார். ‘தொம்’ மட்டும் அப்படியே இருக்கு!’’

1,100 வருடங்களுக்கு மேல் பழைமையான ஒரு குகைக்கும், ஒரு சென்னை ஃப்ளாட்டுக்கும் ஒரே வியாதியா? ஆமாம்! அங்கே போனால் அதிசயம். இங்கே வந்தால் தலைவலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் குகையைப் பார்ப்போம்.

சித்தன்னவாசல் குன்று சமணத் துறவிகளின் இருப்பிடம். உச்சிக்குப் பக்கத்தில் ‘ஏழடிப்பட்டம்’ என்ற இயற்கைக் குகை. அதில் வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கல் படுக்கைகள். அங்குள்ள தமிழ் பிராமி எழுத்துகளை கி.மு. முதல் நூற்றாண்டு என்கிறார்கள் அறிஞர்கள். நாம் ‘ம்ம்ம்’ சொன்ன அறிவர் கோயில் பிற்பாடு, அதே குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பட்டது. தாமரைக் குளம், யானை, மீன், பூப் பறிப்பவர்கள் என்று அதன் விதானத்து ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1920 வாக்கில் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் அவற்றைப் பற்றி எழுதியபோது, ‘இது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து வேலை’ என்றார். ஊரே நம்பியது. பிறகு அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று வேறு கதை சொன்னது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆண்ட 9-ம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபத்தையும் எடுப்பித்தார் என்பதே அந்தச் செய்தி. ஓவியங்கள் பாண்டியர் கணக்குக்கு வந்துசேர்ந்தன!

சரி, அந்தக் கருவறையின் ஓசை? ‘அந்தக் காலத்திலேயே ஒலி விஞ்ஞானம் தெரிந்து கட்டினார்கள்’ என்று பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. கல்வெட்டில் இருப்பதோ திருப்பணி விவரம். நான் இன்னொன்றைக் கவனித்தேன். அந்தக் கருவறை நான்கு பக்கமும் சுமார் ஒன்பதரை அடி. உயரம் சுமார் ஏழரை அடி. அதாவது, நம் நண்பரின் படுக்கையறை சைஸ்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,140 அடி ஓடும். விநாடிக்கு 120 முறை அதிர்கிற ஓசையின் ஓர் அலை எவ்வளவு நீளம்? 1,140-ஐ 120-ஆல் வகுத்தால்... ஒன்பதரை அடி! கருவறையின் அகலம் சரியாக அதுதான். சுவருக்குச் சுவர் அந்த அலை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தி உட்கார்ந்துவிடும். மோதித் திரும்புகிற அலையும், புதிதாகப் போகிற அலையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வேகம் கூடுமே, அதேதான். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசைகளிலும் ஒரே சமயத்தில் ஊஞ்சல் ஆடும். 120 என்பது ஓர் ஆண் சாதாரணமாக முனகுகிற சுருதி. இந்த அலை சுவரோரங்களிலும் அறையின் நட்டநடுவிலும்தான் ஓங்கி ஒலிக்கும். அந்தப் பெரியவர் நண்பரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் எது? நட்டநடு! விஞ்ஞானம் படிக்காமலே அவர் காதால் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

நண்பரின் அறை பத்தடி. அங்கே சிக்குகிற சுருதி சுமார் 114. தொப்பியின் ‘தொம்’ நடமாடுகிற வட்டாரம்தான் அது. அவரும் நாற்காலியை நட்டநடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்..?

அப்படியானால் குகை நல்ல அறையா, கெட்ட அறையா? இந்தக் கேள்விக்கு விடை தேட ரொம்ப தூரம் போகவேண்டாம். அதே மாவட்டத்தில் குடுமியான்மலைக்குப் போனால் போதும். அங்கே குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரிகளுக்கு இசைக் கல்வெட்டு. ஏழு பகுதிகள். அத்தனையும் ஸ்வரங்கள்! ருத்ராசாரியார் என்பவரின் சீடரான, சிவபக்தரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்ததாக அதிலேயே குறிப்பு இருக்கிறது. (இதையும் ரொம்ப நாள் மகேந்திரவர்மன் பேரில்தான் எழுதி வைத்திருந்தார்கள்!) ஒவ்வொரு ஸ்வரத்தையும் அ, இ, உ, எ என்று உயிரெழுத்து மாற்றி மாற்றி நான்கு விதமாகப் பொறித்திருக்கிறார்கள். பக்கத்துத் திருமயம் குகைக்கோயிலிலும் இப்படி ஓர் இசைக் கல்வெட்டு இருந்து அழிந்திருக்கிறது. குடுமியான்மலையிலும் திருமயத்திலும் ‘பரிவாதினி’ என்ற வீணையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நுணுக்கமாக ஸ்வரத்தைப் பிரித்துக் காட்டுகிற வீணையை அறிவர் கோயில் கருவறைக்குள் வைத்து வாசித்தால் என்னாகும்? ‘ஸ’ அடங்குவதற்குள் ‘ரி’ வந்து, அதன் தலையில் ‘க’ ஏறி... கூழாகிவிடும்! ஆனால், அதே அறையில் ஒரு துறவி உட்கார்ந்து, ஒரே சுருதியில் நிறுத்தி நிதானமாக ஓதினால்? ஒருவர் குரல் ஒன்பது பேர் குரலாக எழும். அறையும் ஒரு வாத்தியம்தான். எந்த வாத்தியத்துக்கு எந்தப் பாட்டு என்பதுதான் கேள்வி.

நம் ஊர் ரசிகர்கள் இதைத் தெரியாமல் இல்லை. சென்னையில் டிசம்பர் கச்சேரிகள் ஒரு காலத்தில் கீற்றுக் கொட்டகையில் நடந்தன. மேலே தென்னங்கீற்று, கீழே மண், மேலே ஜமக்காளம், அதன் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்த வேட்டி, புடவைகள். ஓசையை விழுங்க இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? கொட்டகை போய் கான்க்ரீட் வந்தது. கூடவே வந்தது எதிரொலி!

‘எந்தப் பொருள் எவ்வளவு ஓசையை விழுங்கும்?’ என்று உட்கார்ந்து அளந்து பார்த்த மனிதர் அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். பெயர் வாலஸ் கிளெமென்ட் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் பௌதிக ஆசிரியர். 1895-ல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புத்தம்புது விரிவுரைக்கூடம் திறந்தார்கள். பேராசிரியர் பேசினால் ஒரு வார்த்தை புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது! அதற்குள் அவர் பத்துப் பதினைந்து வார்த்தை பேசிவிடுவாரே. ‘ஏதாவது செய்யப்பா’ என்று அந்த வேலையை 27 வயது சபைன் தலையில் கட்டியது நிர்வாகம்.

சபைன் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கைகளில் மெத்தைகள் இருந்தன. நள்ளிரவு, தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு, ஆட்களோடு போய் அந்த மெத்தைகளைத் தூக்கிவருவார். கூடத்தில் சிலவற்றை அடுக்குவார். ஓர் ஆர்கன் குழாயை ஊதச்செய்து நிறுத்துவார். ஓசை முழுசாக அடங்க எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வார். இன்னும் சில மெத்தைகள்... மறுபடி ஊதல்... மறுபடி குறிப்பு. விடிவதற்குள் எல்லா மெத்தையும் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும்!

ஒரு கட்டத்தில் கணக்கு இடித்தது. காரணம் தேடினால்... அவர் போட்டிருந்த சட்டை! வெவ்வேறு நாளில் வெவ்வேறு உடை. ஒவ்வொன்றும் கொஞ்சம் ஓசையைத் தின்றிருக்கிறது. எடுத்துவைத்த ஆயிரக்கணக்கான அளவுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, தினமும் ஒரே உடையில் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார் மனிதர். கடைசியில் கிடைத்த சூத்திரம் ரொம்ப எளிமையானது. அறையின் கன அளவு கூடினால் ஓசை நீளும். விழுங்கும் பரப்பு கூடினால் குறையும். அடிக்கணக்கில் சொன்னால், கன அடியை 20-ஆல் வகுத்து, வந்ததை ‘விழுங்கும் சதுர அடி’யால் வகுத்தால் ஓசை அடங்கும் நேரம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். இதில் எதை முழு விழுங்கி என்று வைத்தார் தெரியுமா? திறந்த ஜன்னலை! போன ஓசை திரும்பி வராதே. இந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900-ல் திறக்கப்பட்டது. இன்றைக்கும் உலகின் தலைசிறந்த இசை அரங்குகளில் அது ஒன்று.

சபைனை நம் கருவறைக்குக் கூட்டிவருவோமா? அதன் கன அளவு சுமார் 680 கன அடி. 20-ஆல் வகுத்தால் 34. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துச் சுமார் 465 சதுர அடி. கருங்கல் தன்மேல் விழும் ஓசையில் நூற்றில் இரண்டு பங்கு விழுங்கும் என்று வைத்தால், விழுங்கும் பரப்பு ஒன்பதேகால் சதுர அடி. வாசலை அடைத்துவிட்டால் ஓசை அடங்க மூன்றரை விநாடிக்கு மேல்! வாசல் திறப்பைப் பதினைந்து சதுர அடி என்றும், உள்ளே நிற்கிற இரண்டு மனிதர்களை ஆளுக்கு ஐந்து சதுர அடி என்றும் சேர்த்தால் ஒரு விநாடிக்கு வந்துவிடும். அவ்வளவு பெரிய பாறைக்குள் ஓசையை அதிகம் விழுங்குவது, கல் இல்லாத அந்த வாசல்தான்!

நண்பரின் அறை ஆயிரம் கன அடி. 20-ஆல் வகுத்தால் 50. வீட்டில் பாட்டு கேட்க அரை விநாடி, அதற்குச் சற்றுக் குறைவு இருந்தால் சுகம். அதற்கு எவ்வளவு விழுங்கும் பரப்பு வேண்டும்? நூறு சதுர அடி, கொஞ்சம் கூடப்போனால் 125. அறையின் மொத்தப் பரப்போ 600 சதுர அடி. அதாவது, ஆறில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு போதும்! அதில் சோபா, தரைவிரிப்பு, கனத்த திரைச்சீலை எல்லாம் அடக்கம். நான்கு சுவரையும் மூடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

சரி, ஃபோம் ஒட்டியும் ‘தொம்’ ஏன் போகவில்லை? விழுங்குகிற பஞ்சு எதுவானாலும், அலையின் நீளத்தில் கால் பங்கு கனம் இருந்தால்தான் அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். பத்தடி அலைக்குக் கால் பங்கு இரண்டரை அடி. ஒட்டியதோ ஒரு அங்குலம்! அது பிடிப்பதெல்லாம் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மெல்லிய ஓசைகள். வயலினின் மினுமினுப்பு, பாடகரின் ‘ச’கர ஒலி, வீணைத் தந்தியின் முதல் ‘கிண்’... இதையெல்லாம் தின்றுவிட்டு, ‘தொம்’மை விட்டுவிட்டது. யானை புகுந்த வீட்டில் கொசுவலை கட்டிய கதை! முட்டை ட்ரே ஒட்டுகிறவர்களுக்கும் இதேதான். அது பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் தடுக்காது. ஓசையை வெளியே விடாமல் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அது வேறு வைத்தியம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இது பணத்தைவிடப் பெரிய விஷயம். 2003 பிப்ரவரி 20 இரவு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ‘தி ஸ்டேஷன்’ என்ற கேளிக்கை விடுதி. சத்தம் வெளியே போகிறது என்று அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால், மேடையைச் சுற்றிச் சுவர்களில் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருந்தார்கள். கச்சேரி ஆரம்பத்தில் விட்ட மத்தாப்புப் பொறி அதில் பட்டது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 100 பேர். 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியா நகரில் ‘கிஸ்’ விடுதி. மறுபடி ஃபோம், மறுபடி பொறி, 242 உயிர்கள். பத்துக்குப் பத்து அறையில், ஒயரும் சூடான ஆம்ப்ளிஃபயரும் இருக்கிற இடத்தில், நெருப்பைத் தாங்குமா என்று கேட்காமல் நான்கு சுவரிலும் ஃபோம் ஒட்டுவதற்கு முன்னால் இந்த எண்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘அப்படியானால் அறையில் ஓசையே தங்கக்கூடாதா?’ என்றால், அதுவும் தப்பு. லண்டனில் 1951-ல் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலைக் கட்டியவர்கள் எதிரொலிக்குப் பயந்தார்கள். விளைவு, அரங்கம் வறண்டுபோனது. கடைசியில் 1964-லிருந்து மைக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் மறைத்துவைத்து, தொலைத்த முழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள்!

வீட்டு அறைக்கு ஒரு விசேஷம் உண்டு. குகையில் முனகுகிறவரும் அறையும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஆனால், நீங்கள் போடுகிற ரிக்கார்டில் வீணையோடு சேர்ந்து, அது வாசிக்கப்பட்ட கூடத்தின் ஓசையும் ஏற்கெனவே வந்துவிடுகிறது. அதன் மேல் உங்கள் அறையும் தன் குரலைச் சேர்த்தால், இரண்டு சமையல்காரர்கள் ஒரே குழம்பில் உப்புப் போட்ட கதைதான். உங்கள் அறை விருந்தாளியைப் பேசவிட்டுத் தான் அடங்கியிருக்க வேண்டும். அதற்காக மூச்சை விட்டுவிடவும் கூடாது.

ஊர் திரும்பியதும் நண்பர் வீட்டில் வேலை ஆரம்பமானது. முதல் செலவு, பூஜ்யம்! நாற்காலி நடுவிலிருந்து நகர்ந்தது. சுவரில் ஒட்டாமல், மூலையிலும் நிற்காமல் ஸ்பீக்கர்கள் முன்னே வந்தன. ‘ஓசை எந்தச் சுவரில் பட்டுக் காதுக்கு வருகிறது?’ என்று அறிய ஒரு சின்ன தந்திரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, அவர் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு நகர்த்திக்கொண்டே போனார். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது. ‘‘முப்பது வருஷத்துல இவர் எனக்குக் கண்ணாடி காட்டினதில்ல, நான் காட்டுறேன்!’’ என்றார் அந்த அம்மாள்.

பிறகு ஃபோம் மொத்தமும் உரிந்தது. கண்ணாடி காட்டிய இடங்களில் மட்டும், மரச்சட்டத்தில் நான்கு அங்குல ராக்வூல் பலகை, மேலே கதர்த் துணி. (ராக்வூல் என்பது பாறையை உருக்கி இழுத்த பஞ்சு, நெருப்புக்கு அஞ்சாது. அதன் தூசு மூக்குக்கு ஆகாது என்பதால் துணியால் இறுக மூடவேண்டும்.) அறையின் மூலைகளில் எல்லா அடிஸ்தாயி ஓசையும் வந்து கூடும் என்பதால், அங்கே தரையிலிருந்து கூரை வரை அதே பலகைகளை இன்னும் கனமாக, சுவரிலிருந்து இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். பின்சுவரில் மேடும் பள்ளமுமாகப் புத்தக அலமாரி. தரையில் கனத்த பவானி ஜமக்காளம். ஜன்னலுக்குத் திரை. கூரையைத் தொடவில்லை. ஃபோமுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை!

எல்லாம் முடிந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் வீணை கேட்கப்போகிறேன் என்று நினைத்தேன். அவரோ அறையின் நடுவில் நின்றுகொண்டு, வாயை மூடி, அடித்தொண்டையில் ‘ம்ம்ம்...’ என்று ஆரம்பித்தார். குரலை மெள்ள இறக்கிக்கொண்டே வந்தார். பழைய இடம் வந்தது. அறை லேசாக ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். அவர் நிறுத்தியதும் அதுவும் நிறுத்தியது.

நீங்களும் இன்றைக்கு ராத்திரி, டி.வி-யை அணைத்துவிட்டு, உங்கள் அறையில் நின்று ஒருமுறை முனகிப் பாருங்கள். எந்தச் சுருதியில் சுவர் கூடச் சேர்ந்து பாடுகிறதோ, அதுதான் உங்கள் அறையின் வியாதி. கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய சோதனை அது. கருவி எதுவும் வேண்டாம்; சித்தன்னவாசல் பெரியவர் சொல்லிக்கொடுத்த ‘ம்ம்ம்’ போதும்!